வெள்ளிக்காசு பிறந்த ஊருக்கு ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு: லியோன்

விமான நிலையத்திலிருந்து டிராம் பிடித்து அரை மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிட்டோம். மகள் இங்கே முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "பிரான்சுக்கு வர்றவங்க ஈஃபில் கோபுரம்பாங்க. நீங்க இறங்கினதுமே நாணயச்சாலை எந்தப் பக்கம்ங்கறீங்கம்மா" என்றாள். அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

இந்தப் பயணம் பல வருடத்து ஆசை. எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பா வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார், இப்போது அண்ணன் நடத்துகிறார், கணக்கு என் பொறுப்பு. அம்மா பிறந்தது கோவைக்குத் தெற்கே, வெள்ளலூர்ப் பக்கம். நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊரில் 1842இல் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அதற்குப் பிறகும் அந்த மண் சில முறை காசு கொடுத்தது. பொள்ளாச்சி, கரூர் என்று கொங்குப் பகுதி முழுக்க இந்தக் கதை உண்டு.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா என்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். ரோமானியக் காசுகள் இருந்த கண்ணாடிப் பேழை முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து நின்றார். "நல்ல டச்சு. கறுத்திருக்கு, ஆனா பச்சை பூக்கல பாரு, செம்பு கம்மி" என்றார். டச்சு என்றால் எங்கள் தொழிலில் வெள்ளியின் சுத்தம். பிறகு கேட்டார்: "இதை எந்த ஊர்ல அடிச்சிருப்பாங்க?" ரோமில்தான் என்றேன். தெரியாமல் சொன்ன பதில்.

அப்பா போய் ஒன்பது வருடம் கழித்துத்தான் சரியான பதில் எனக்குக் கிடைத்தது. ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு, ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்துப்படி, கால் நாட்டின் (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) லுக்துனுமில் அடிக்கப்பட்டது. அந்த லுக்துனும்தான் இந்த லியோன்.

ஜன்னலுக்கு வெளியே சோன் ஆறு ஓடுகிறது. அக்டோபர் குளிர். நாளைக்குக் குன்று ஏற வேண்டும், தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், திங்கள்: இரண்டு குன்றுகள்

திங்கட்கிழமை லுக்துனும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதனால் இன்று வெளியில் இருப்பதை மட்டும் பார்த்தோம்.

பழைய ஊரிலிருந்து ஃபூர்வியேர் குன்றுக்குக் கம்பிவட ரயில் ஏறுகிறது. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாகக் 'கயிறு' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். மேலே இறங்கி நாலு எட்டு வைத்தால் ரோமானிய அரங்கம். பத்தாயிரம் பேர் உட்காரக்கூடிய கல் படிகள், குன்றின் சரிவிலேயே செதுக்கி எழுப்பியது. கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

கி.மு. 43இல் முனாதியஸ் பிளாங்கஸ் என்ற தளபதி இந்தக் குன்றின் மேல்தான் ஊரை நிறுவினார். கீழே சோனும் ரோனும் கூடுகின்றன. நாலா பக்கமும் சாலை போகும் இடம். கி.மு. 15 வாக்கில் அகஸ்டஸ் இங்கே நாணயச்சாலை திறந்தார். ஆளுநர்கள் இங்கே பொன்னிலும் வெள்ளியிலும் காசு அடிக்கிறார்கள் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார்.

தலைநகரை விட்டு இவ்வளவு தூரத்தில் ஏன் என்று மகள் கேட்டாள். அரங்கத்தின் மேல் படியில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ரைன் ஆற்றுக் கரையில் எட்டு லீஜியன் படை. ஒரு படைக்கு 5,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வீரருக்கு ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு. எட்டையும் பெருக்கினால் ஆண்டுக்கு 90 லட்சம் வெள்ளிக்காசு. சாப்பாடு, துணிமணி, ஆயுதம் என்று பிடித்தம் போனாலும் மூட்டை மூட்டையாகக் காசு வேண்டும். ஸ்பெயினில் வெள்ளிச் சுரங்கம், ரைனில் படை, இரண்டுக்கும் நடுவில் இந்த ஊர். வெள்ளி இருக்கும் இடத்துக்கும் வேலையாள் இருக்கும் இடத்துக்கும் இடையில்தானே எந்த வெள்ளி வியாபாரியும் பட்டறை போடுவான்.

அந்த வீரர்களுக்கு ஒரு நாளுக்குக் கிடைத்தது பத்து 'ஆஸ்', அதாவது செப்புக்காசு. பதினாறு ஆஸ் சேர்ந்தால் ஒரு டெனாரியஸ். கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்த செய்தி வந்ததும் டான்யூப் பக்கத்துப் படைகள் கலகம் செய்தன. அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது நாளைக்கு முழுசாக ஒரு டெனாரியஸ். எழும்பூரில் நான் பார்த்த ஒற்றைக் காசுக்காக ஆட்கள் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

மத்தியானம் எதிர்க் குன்றான குரோவா-ரூஸுக்குப் போனோம். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி. தறி உயரத்துக்காகவே கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகள். சேலத்துக்காரிக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகத் தெரியவில்லை. அங்கே 'மூன்று கால் நாடுகளின்' வட்டரங்கம் பாதி இடிந்து கிடக்கிறது. பக்கத்தில்தான் ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் எழுப்பிய பலிபீடம் இருந்தது. பலிபீடம் போய்விட்டது, ஆனால் அதன் உருவம் இந்த ஊரில் அடித்த செப்புக்காசுகளில் இருக்கிறது: நடுவில் பீடம், இரு பக்கமும் தூண், தூணின் மேல் வெற்றித் தெய்வம்.

அந்த இரண்டு தூண்களையும் குறுக்கே அறுத்து நான்காக்கி, பிற்பாடு ஐனே என்ற இடத்துத் தேவாலயத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். இருட்டும் முன் ஓடிப்போய்ப் பார்த்தோம். 1107இல் திருநிலைப்படுத்திய கோயில். பீடத்துக்கு முன் நான்கு சாம்பல் நிறக் கருங்கல் தூண்கள், ஊர்க் கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத பருமன். ஒன்றின் மேல் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. காசில் நகக்கண் அளவுக்குத் தெரியும் தூணை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்: எடை சமன் செய்தவன்

லுக்துனும் அருங்காட்சியகம் குன்றுக்குள் புதைந்த கட்டடம். மேலே நுழைந்து, சுழன்று இறங்கும் சரிவில் நடந்து, அரங்கத்தின் பக்கமாகக் கீழே வெளியே வரலாம். 1975இல் திறந்தது. கான்கிரீட்டில் இப்படி ஒரு அமைதியான கட்டடத்தை நான் பார்த்ததில்லை.

எல்லாரும் முதலில் போய் நிற்பது கிளாடியஸின் வெண்கலப் பலகை முன்னால். 200 கிலோவுக்கு மேல் எடை. கி.பி. 48இல் கால் நாட்டுப் பெரியவர்களையும் ரோம் சபையில் சேர்க்க வேண்டும் என்று பேரரசர் கிளாடியஸ் பேசிய பேச்சு அதில் பொறித்திருக்கிறது. 1528இல் ஒரு துணி வியாபாரியின் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. எழுத்துகள் நேற்று வெட்டியது போல் கூர்மை. கிளாடியஸ் பிறந்ததே இந்த ஊரில்தான், கி.மு. 10 ஆகஸ்ட் 1ஆம் தேதி.

இவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு இலங்கை ஞாபகம் வந்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் சம்பவம் அது. செங்கடல் வரி வசூலைக் குத்தகை எடுத்திருந்த ஒருவரின் ஆள் அரேபியக் கரையோரம் கப்பலில் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை சேர்ந்தான். ஆறு மாதம் அரசரின் விருந்தாளியாக இருந்து மொழியைக் கற்றுக்கொண்டான். அவனிடமிருந்த டெனாரியஸ்களை வாங்கிப் பார்த்த அரசருக்கு ஒரே வியப்பு. காசுகளில் இருந்த முகங்கள் வேறு வேறு, ஆக அடித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் எடை எல்லாம் ஒன்று. இப்படி ஒரு நேர்மையா என்று மனம் ஒப்பி, அந்த அரசர் ரோமுக்குத் தூதர்களை அனுப்பினார். அப்போது அரியணையில் இருந்தவர் இந்தக் கிளாடியஸ்.

வெள்ளித் தொழிலில் பிறந்தவளுக்கு இது கதை இல்லை. எங்கள் பட்டறையில் வியாபாரி வந்தால் டிசைன் கேட்க மாட்டார். கொலுசைக் கையில் தூக்கிப் பார்ப்பார், அப்புறம் 'டச்சு எவ்வளவு' என்பார். அந்த இலங்கை அரசர் செய்ததும் அதேதான்.

அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு. ராத்தல் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 327 கிராம், ஆகக் காசுக்கு ஏறக்குறைய 3.9 கிராம். அரைப் பவுன் எடைக்குக் கொஞ்சம் கம்மி. டச்சு 97, 98க்குக் குறையாது. புடம் போட்டு எடுத்த வெள்ளி என்று அர்த்தம். அண்ணன் பாஷையில் சொன்னால் 'கட்டி வெள்ளி'.

இந்த ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டில் நோபிலிஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது. டைபீரியஸ் சீசரின் அடிமை. அவன் வேலை நாணயச்சாலையில் எடையைச் சமன் செய்வது. வீஷி என்ற ஊரில் கிடைத்த இன்னொரு கல்லில், லுக்துனும் நாணயச்சாலைக்குக் காவல் நின்ற 17ஆம் படைப்பிரிவு வீரர் ஒருவர் வருகிறார். பேரரசர் பெயர் காசில் இருக்கிறது, அச்சு வெட்டியவர் பெயரோ சம்மட்டி பிடித்தவர் பெயரோ அதில் இல்லை. தராசு பிடித்த அடிமையின் பெயராவது கல்லில் தங்கியது. அப்பாவுக்குப் பிடித்திருக்கும் செய்தி. எடை போடும் வேலையை அவர் கடைசிவரை யாரிடமும் விட்டதில்லை.

பக்கத்து அறைகளில் சர்க்கஸ் மொசைக், கால் மக்களின் வெண்கல நாட்காட்டி எல்லாம் உண்டு. வேஸ் பகுதியில் 1992இல் கிடைத்த வெள்ளிப் புதையல் முன்னால் கொஞ்சம் அதிகநேரம் நின்றேன். மூன்றாம் நூற்றாண்டு வேலை. பற்றவைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

நான்காம் நாள், புதன்: கையில் வைத்துப் பார்த்தது

காலையில் நுண்கலை அருங்காட்சியகம். அதன் நாணயத் தொகுப்பு பிரான்சில் பாரிசுக்கு அடுத்த பெரியது. அதைப் பற்றி நீட்டாமல் மத்தியானக் கதைக்கு வருகிறேன்.

மகளின் பேராசிரியர் ஒருவர் சொல்லி, பழைய காசு விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். சின்ன அறை, பச்சைத் துணி விரித்த மேசை, ஒரு விளக்கு. கடைக்காரர் வயதானவர், சாந்தமான மனிதர். "எங்க அம்மா வெள்ளி வேலைக்காரங்க வீட்டுப் பொண்ணு" என்று மகள் அறிமுகப்படுத்தியதும் கேட்காமலே ஒரு தட்டை எடுத்து வைத்தார். தட்டில் காயஸ்-லூசியஸ் காசு.

உள்ளங்கையில் வைத்தார். நம் பழைய நாலணா அகலம், ஆனால் தடிப்பு அதிகம். விளிம்பு வட்டமே இல்லை. ஒரு பக்கம் லேசாக வெடித்திருந்தது. சூடு ஆறிய வில்லையைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வரும் வெடிப்பு அது. எங்கள் பட்டறையிலும் தகடு தட்டும்போது அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

முன்பக்கம் அகஸ்டஸின் தலை, வாகை மாலையோடு. சுற்றிலும் 'தெய்வமானவரின் மகன் சீசர் அகஸ்டஸ், நாட்டின் தந்தை' என்று லத்தீன். 'நாட்டின் தந்தை' பட்டம் அவருக்குக் கி.மு. 2இல்தான் கிடைத்தது, ஆகக் காசு அதற்குப் பிறகு. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நேராக நிற்கிறார்கள், தோகா என்ற ரோமானிய மேலாடை உடுத்தி. ஆளுக்கொரு கேடயம், கேடயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு ஈட்டி. மேலே ஒரு கரண்டியும் நுனி சுருண்ட ஒரு கோலும். கரண்டி நம் உத்தரணி போலவே இருக்கிறது, பூசைக்குரியது. மூத்தவன் காயஸ் குருமார் குழுவில் இருந்தவன், அதற்கு அந்தக் கரண்டி. தம்பி லூசியஸ் பறவைச் சகுனம் பார்க்கும் குழுவில், அதற்கு அந்தக் கோல்.

இருவரும் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்கள். பேரர்களையே மகன்களாகத் தத்தெடுத்து, அடுத்த அரசர்கள் இவர்கள்தான் என்று உலகத்துக்கு அறிவித்த காசு இது. அந்தக் கேடயமும் ஈட்டியும் ரோமின் குதிரை வீரர் வகுப்பு இருவருக்கும் பரிசாகக் கொடுத்தவை. அவை வெள்ளியால் ஆனவை என்று அகஸ்டஸே தன் சாதனைக் கல்வெட்டில் சொல்கிறார். வெள்ளிக் கேடயம் வெள்ளிக் காசில்.

முகங்கள் மட்டும் மழுங்கியிருந்தன. தேய்மானம் இல்லை, அடி சரியாக விழாதது. அடியச்சு பட்டடைக்குள் பதிந்திருக்கும், மேலச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டி போடுவார்கள். எதிர்ப்பக்கத்தில் அகஸ்டஸின் கன்னம் புடைத்து நிற்பதால் வெள்ளி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது, பையன்களின் முகத்துக்கு வெள்ளி மிச்சமில்லை.

பழக்கதோஷத்தில் ஓசை கேட்பதற்காகக் காசை மேசைக் கண்ணாடியில் போடப் போனேன். கடைக்காரர் பதறிக் கையை நீட்டிவிட்டார். இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளே பொரிப்பொரியாகிவிடுமாம், விழுந்தால் ஓடு போல உடைந்துவிடும் என்றார். வெட்கமாகிவிட்டது, மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தராசை என் பக்கம் தள்ளினார். 3.81 கிராம்.

அகஸ்டஸின் கன்னத்தில் ஒரு சின்ன முத்திரைக் குத்து இருந்தது. காசு மாற்றுபவர் போட்ட அடையாளம். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசு அன்றைக்கும் ஏராளம். அதைக் கண்டுபிடிக்கத்தான் குத்திப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் அரம் போட்டுப் பார்ப்பது போல.

அடுத்துக் காட்டியது டைபீரியஸ் காசு. முன்னால் அவர் தலை, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை. அது அவருடைய தாய் லிவியா என்று பலர் சொல்கிறார்கள். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட மனிதர், ஏறக்குறைய முழுக் காலமும் வெள்ளியில் இந்த ஒரு வடிவத்தையே அடித்துத் தள்ளினார். விவிலியத்தில் வரும் வரிக்காசு இதுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

தென்னிந்தியப் புதையல்களில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை இந்த இரண்டும்தான். ஒன்றில் இரண்டு பையன்கள், ஒன்றில் உட்கார்ந்த பெண். லத்தீன் தெரியாத வியாபாரிக்கும் பார்த்ததும் தெரிந்துவிடும், இது நல்ல வெள்ளி என்று. எங்கள் கடை முத்திரையை ஊர் ஊராகக் கேட்டு வாங்குவது போல, இந்தப் படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது என் துணிபு. காயஸ்-லூசியஸ் காசைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. எழுத்து தெரியாத கை எழுத்தைக் கோடும் வளைவுமாக வரைந்திருக்கும். மதிப்பில்லாத காசை யார் நகலெடுப்பார்கள்?

கி.பி. 64இல் நீரோ இதைக் கெடுத்தார். ராத்தலுக்கு 84 என்றிருந்ததை 96 ஆக்கினார், காசு 3.4 கிராமுக்கு இறங்கியது. போதாததற்குச் செம்பும் சேர்த்தார். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்காசுகள் நம் பக்கத்துப் புதையல்களில் மிக அரிது. பொற்காசு வந்துகொண்டுதான் இருந்தது. இதற்கு வேறு காரணங்களும் சொல்வார்கள். ஆனால் டச்சைக் குறைத்த கடைக்கு மறுபடி யாரும் வரமாட்டார்கள் என்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள்.

காசை வாங்கவில்லை. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், எடையையும் ராத்தல் கணக்கையும் எழுதி.

ஐந்தாம் நாள், வியாழன்: நீம்

வேக ரயிலில் ரோன் ஆற்றை ஒட்டித் தெற்கே. வழியில் மகளுக்குக் காசு போன பாதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அலெக்சாந்திரியாவில் இறங்கி, நைல் ஆற்றில் கோப்டோஸ் வரை படகு, அங்கிருந்து ஒட்டகத்தில் பன்னிரண்டு நாள் பாலைவனம், பெரெனிகே துறைமுகம், செங்கடல் வாயிலிருந்து பருவக்காற்றில் நாற்பது நாளில் முசிறி. இது பிளினி தரும் கணக்கு. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாடு. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் அலுத்துக்கொள்கிறார். நாலு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ், ஆக டெனாரியஸில் அது ஒரு கோடியே 25 லட்சம். மிளகு தின்ற வாய்க்குக் கணக்குப் பார்க்கும்போதுதான் காரம் தெரியும்.

நீம் நடைபாதைக் கற்களில் வெண்கலக் குமிழ்கள் பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் பனைமரத்தில் கட்டிய முதலை. இந்த ஊரில் அடித்த பழைய செப்புக்காசின் படம் அது. அந்தக் காசின் மறுபக்கம் அகஸ்டஸும் அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பார்கள். அக்ரிப்பா நம் பையன்களைப் பெற்ற அப்பா. சில்லறை வேண்டி அந்தக் காசைப் பாதியாக வெட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஒரு துண்டில் தாத்தா, மறு துண்டில் அப்பா.

நான் இந்த ஊருக்கு வந்தது மெசோன் காரே என்ற கோயிலுக்காக. ரோமானியக் கோயில்களில் இவ்வளவு முழுசாக நிற்பவை கொஞ்சம். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். உயரமான மேடை, முகப்பில் ஆறு தூண், வெள்ளைக் கல். தூண்களுக்கு மேலே உத்தரத்தில் எழுத்து எதுவும் இல்லை. வரிசையாகத் துளைகள்தான். வெண்கல எழுத்துகளை ஆணி அடித்துப் பொருத்திய இடங்கள். எழுத்துகளை எந்தக் காலத்திலோ பிடுங்கிவிட்டார்கள். 1758இல் செகியே என்ற உள்ளூர் அறிஞர் அந்தத் துளைகளைப் படி எடுத்து, எந்த எழுத்துக்கு எந்த இடத்தில் ஆணி வேண்டும் என்று பொருத்திப் பார்த்து வாசித்தார். கிடைத்தது இது: அகஸ்டஸின் மகனும் கான்சலுமான காயஸ் சீசருக்கும், அகஸ்டஸின் மகனும் கான்சலாகத் தேர்வானவனுமான லூசியஸ் சீசருக்கும், இளைஞர்களின் தலைவர்களுக்கு. கான்சல் என்பது ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி.

நேற்று உள்ளங்கையில் இருந்த காசின் வாசகம்தான். ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது. காசில் இருவருமே பதவிக்குத் தேர்வாகிக் காத்திருப்பவர்கள். இங்கே அண்ணன் கான்சல் ஆகிவிட்டான், கி.பி. 1இல். தம்பி இன்னும் காத்திருக்கிறான்.

சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது துளைகள் கறுத்துத் தெளிவாகத் தெரிந்தன. மகள் ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து அந்தத் தம்பியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள், வெள்ளி: மார்செய்

லூசியஸ் ஸ்பெயினில் இருந்த படைகளிடம் போகும் வழியில் கி.பி. 2 ஆகஸ்டில் இந்த ஊரில் நோய்ப்பட்டு இறந்தான். கான்சல் ஆகவில்லை. இருபது வயது கூட முடியவில்லை. பதினெட்டு மாதம் கழித்து, கி.பி. 4 பிப்ரவரியில், கிழக்கே போர்க்காயம் பட்ட அண்ணன் லிசியா நாட்டு லிமிராவில் போய்ச் சேர்ந்தான். இருபதுகளின் தொடக்கத்து வயது.

பழைய துறைமுகத்தைச் சுற்றி நடந்தோம். கடைவளாகம் ஒன்றின் பின்புறம் ரோமானியர் காலத்துத் துறைமுகத்தின் கல் கரை தோட்டமாகக் காட்சிக்கு வைத்திருக்கிறது. 1967இல் அஸ்திவாரம் தோண்டும்போது வெளிப்பட்டது. தண்ணீர் இருந்த இடத்தில் புல். கரைக்கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பையன்கள் இருவரும் போன பிறகும் அந்தக் காசில் அவர்கள் கேடயத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே கோப்டோஸ் வந்தார்கள், கடல் தாண்டினார்கள், வெள்ளலூர் மண்ணுக்குள் இறங்கினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அவர்கள் பெயரும் தெரியாது, செத்த செய்தியும் தெரியாது.

அப்போதுதான் அண்ணனின் குரல் பதிவு வந்தது. பின்னால் ஊதுலையின் சத்தம்.

"அம்மிணி, நீ அனுப்பிச்ச கணக்கை வெச்சு செஞ்சு பார்த்தேன். முழு ராத்தலுக்கு வெள்ளி ஒதுக்க முடியல, கால் ராத்தல் எடுத்துக்கிட்டேன், 81.75 கிராம், 98 டச்சு. மூசையில உருக்கி, தராசு தொடாம கைக்குறிப்பாவே 21 வில்லை ஊத்தினேன். எண்ணிக்கை சரியா வந்துடுச்சு. தனித்தனியா நிறுத்தா, கம்மியானது 3.71, ஜாஸ்தி 4.06. ரெண்டு தடவை உருக்கி ஊத்தினேன், ரெண்டாவது தடவையும் அப்படித்தான். உன் கடைக்காரர் காசு 3.81னு சொன்னியே, தேய்மானம் போக அது ரொம்ப நல்ல கை. தராசுக்குன்னு ஒரு ஆளு இருந்தான்னு சொன்னியே, அவன் பேர் என்ன?"

நோபிலிஸ் என்று எழுதி அனுப்பினேன்.